ஸ்க்ரோல் சா: ஓய்வுபெற்றவருக்கு முதல் பாடங்கள்

ஸ்க்ரோல் சா என்பது மெல்லிய பிளேடு ஒன்று நின்ற இடத்திலேயே மேலும் கீழும் ஓடும் மர அறுப்பு இயந்திரம். ஜிக்சாவில் மரம் அசையாமல் இருக்க, கருவி அதன் மேல் நகரும். இதில் கருவி மேஜையோடு நிற்க, மரத்தைத்தான் கையால் திருப்ப வேண்டும். பிளேடின் அகலம் ஒன்று, ஒன்றரை மில்லிமீட்டர் அளவே இருப்பதால், விரல் நுனியைச் சுற்றுகிற அளவுக்குச் சிறிய வளைவையும் அறுக்கலாம். பிளேடின் ஒரு முனையைக் கழற்றி, பலகையில் போட்ட துளை வழியாக நுழைத்து மறுபடி மாட்டினால், ஓரத்தைத் தொடாமல் நடுப்பகுதியை மட்டும் அறுத்தெடுக்கலாம். ஜாலி எனப்படும் துளையலங்கார வேலை முழுவதும் இந்த ஒரு வசதியில்தான் நடக்கிறது.

வட்ட ரம்பத்தைப் போல இது மரத்தைப் பிடித்து எதிரே வீசுவதில்லை. மோட்டார் பெரும்பாலும் 90 முதல் 120 வாட்டுக்குள். ஒன்றிரண்டு மின்விசிறி இழுக்கும் மின்சாரம் போதும். சத்தமும் குறைவு. அறுபது வயதுக்கு மேல் முதன்முதலாக மரவேலையைத் தொடுபவருக்கு இதைவிடப் பொருத்தமான மின்கருவி இல்லை என்றே சொல்லலாம்.

தமிழ்நாட்டில் இதற்குக் குரு கிடைப்பது அரிது. நம் மரச்சிற்ப மரபு உளியை நம்பியது. 2020இல் புவிசார் குறியீடு பெற்ற பெரம்பலூர் மாவட்டத்து அரும்பாவூர் மரச்சிற்பமும் உளி வேலைதான். மெல்லிய பிளேடு கொண்டு கையால் அறுக்கும் மரபு நமக்கு அருகே இருப்பது மைசூரில். அங்கே ஈட்டிமரப் பலகைகளில் பதிக்கும் சிறு சிறு உருவங்களை வில் போன்ற கைரம்பத்தால் அறுத்தெடுக்கிறார்கள். ஸ்க்ரோல் சா அதே வில் ரம்பத்துக்கு மோட்டார் பூட்டிய வடிவம். கடலூர் மாவட்டத்து லால்பேட்டையிலோ காட்டுமன்னார்கோவிலிலோ உள்ள தச்சர் ஒருவரிடம் மரத்தைப் பற்றி நிறையக் கற்கலாம். இந்த இயந்திரத்தைப் பற்றித் தானே பழகித்தான் கற்க வேண்டும்.

இயந்திரம்

கடையில் முதலில் சொல்லப்படும் அளவு கழுத்தாழம், அதாவது பிளேடிலிருந்து பின்பக்கக் கம்பம் வரை உள்ள தூரம். 16 அங்குலக் கழுத்தாழம் தொடக்கத்துக்குத் தாராளம். அடுத்து வேகம். நிமிடத்துக்கு 400 முதல் 1,600 முறை வரை கூட்டிக் குறைக்க வசதி இருக்க வேண்டும். ஒரே வேகத்தில் ஓடும் இயந்திரம் மலிவாகக் கிடைத்தாலும் பழகுகிறவருக்கு ஆகாது.

மூன்றாவது விஷயத்தைக் கடைக்காரர் சொல்லமாட்டார். கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். பிளேடு இரண்டு வகை. ஒன்றில் இரு முனையிலும் குறுக்காகச் சிறு ஊசி இருக்கும், மாட்டுவது சுலபம். ஆனால் அந்த ஊசி நுழைய சுமார் 5 மி.மீ. துளை வேண்டும், நுணுக்கமான ஜாலிக்கு அது பெரிய ஓட்டை. மற்றது ஊசியில்லாத வெற்று முனைப் பிளேடு; ஒன்றரை மில்லிமீட்டர் துளையிலேயே நுழைந்துவிடும். இரண்டையும் ஏற்கும் பிடிப்பான் உள்ள இயந்திரத்தையே வாங்க வேண்டும். இல்லாவிட்டால் மூன்றாம் மாதமே இன்னொரு இயந்திரத்தைத் தேட நேரும்.

வளைகுடாவிலிருந்தும் சிங்கப்பூர், மலேசியாவிலிருந்தும் பணி முடித்துத் திரும்புகிறவர்கள் நிறைந்த ஊர் லால்பேட்டை. வரும்போதே கருவியையும் பெட்டியில் போட்டு வருகிறவர் அதன் பெயர்த்தகட்டைப் படித்துவிட வேண்டும். அமீரகம், சிங்கப்பூர், மலேசியாவில் மின்னோட்டம் நம்மூரைப் போலவே 50 ஹெர்ட்ஸ். பிளக்கின் பட்டை முள்ளை மாற்றினால் போதும். சவூதியில் 60 ஹெர்ட்ஸ். அதற்கென்றே செய்த சில மோட்டார்கள் இங்கே வேகம் குறைந்து, கூடுதலாகச் சூடாகும். 110 வோல்ட் என்று எழுதியிருந்தால் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் நம் பிளக்கில் செருகவே கூடாது. எந்த ஊர் இயந்திரமானாலும் எர்த் உள்ள மூன்று முள் பிளக் கட்டாயம்.

வீட்டு மேஜை ஆட்டம் கண்டால் கோடும் ஆட்டம் காணும். இயந்திரத்தைக் கனமான மரமேஜையில் போல்ட் போட்டு இறுக்கி, அடியில் பழைய டியூப் ரப்பரை மடித்து வைத்தால் அதிர்வு பெருமளவு அடங்கும்.

பிளேடு

பழகுகிறவர்கள் இயந்திரத்தில் பணத்தைக் கொட்டிவிட்டுப் பிளேடில் கஞ்சத்தனம் காட்டுவார்கள். நேர்மாறாகச் செய்ய வேண்டும். சாதாரண இயந்திரத்தில் நல்ல பிளேடு மாட்டினால் நல்ல வேலை வரும். விலையுயர்ந்த இயந்திரத்தில் மழுங்கிய பிளேடை மாட்டினால் மரம் கருகும்.

பிளேடின் நீளம் எங்கும் 5 அங்குலம்தான். பருமன் எண்ணால் குறிக்கப்படும்; எண் கூடக் கூட பிளேடு தடிக்கும், பல் பெரிதாகும். 6 மி.மீ. பிளைவுட்டுக்கு 3ஆம் எண், 12 முதல் 19 மி.மீ. வரையிலான மரத்துக்கு 5ஆம் எண், அதைவிடத் தடித்ததற்கு 7 அல்லது 9. முதல் ஆண்டில் 3, 5, 7 என்ற மூன்று எண்களே போதும். பற்கள் கீழ்நோக்கி இருக்கும்படி மாட்ட வேண்டும். விரலால் மேலிருந்து கீழே லேசாகத் தடவினால் தடையின்றி வழுக்கும், கீழிருந்து மேலே தடவினால் பிடிக்கும். சிலவகைப் பிளேடுகளில் அடியில் உள்ள சில பற்கள் மட்டும் மேல்நோக்கி இருக்கும். பலகையின் அடிப்பக்கம் சிலாம்பு பிய்யாமல் காக்க அந்த ஏற்பாடு. பிளைவுட் அறுப்பதற்கு அதுவே சிறந்தது.

இழுவிசைதான் அடுத்தது. மாட்டிய பிளேடைப் பக்கவாட்டில் விரலால் தள்ளினால் 3 மி.மீ.க்கு மேல் நகரக் கூடாது. சுண்டினால் தந்தியைப் போலத் தெளிவாக ஒலிக்க வேண்டும். தளர்ந்த பிளேடு தடித்த மரத்தின் உள்ளே வயிறு தள்ளி வளையும். மேலே கோடு சரியாக இருக்கும், அடிப்பக்கம் வேறு கதை சொல்லும்.

புதிதாகப் பழகுகிறவரை அதிகம் குழப்புவது இன்னொன்று. நேர்கோட்டில் பலகையைத் தள்ளினாலும் அறுப்பு ஒரு பக்கமாக விலகிப் போகும். கை நடுக்கம் என்றோ வயது என்றோ எண்ணிப் பலர் மனம் தளர்வது இங்கேதான். காரணம் வயது அல்ல. பிளேடு தயாராகும்போது பற்களின் ஒரு பக்கத்தில் மட்டும் மிக நுண்ணிய பிசிறு தங்கிவிடுகிறது, பெரும்பாலும் வலப்பக்கம். அந்தப் பக்கம் கூர் கூடுதலாக இருப்பதால் பிளேடு அங்கே சாய்கிறது. பலகையைச் சில பாகை திருப்பிவைத்துத் தள்ளினால் கோடு நேராக வரும். ஒரு மணி நேரப் பழக்கத்தில் கை அந்தச் சாய்வைத் தானே கண்டுகொள்ளும்.

தொடர்ந்து அறுத்தால் ஒரு பிளேடு சுமார் 15 முதல் 30 நிமிடம் வரை உழைக்கும். புகைவாசனை வந்தாலோ, தள்ளக் கூடுதல் பலம் தேவைப்பட்டாலோ மாற்றிவிட வேண்டும். தொடக்கநிலைப் பிழைகளில் பாதிக்கு மேல் மழுங்கிய பிளேடை வைத்துக்கொண்டு தள்ளுவதில்தான் பிறக்கின்றன. கையின் வேலை பலகைக்கு வழிகாட்டுவது. அறுப்பது பிளேடின் வேலை. மீதமுள்ள பிளேடுகளை மெஷின் எண்ணெய் தோய்ந்த துணியில் சுற்றி, மூடியிறுகிய டப்பாவில் வைக்காவிட்டால் அருகிலுள்ள வீராணம் ஏரியின் ஈரக்காற்றில் ஒரே மழைக்காலத்தில் துரு ஏறிவிடும்.

மரம்

பயிற்சிக்கு 6 மி.மீ. பிளைவுட். ஐ.எஸ். 303 என்பது சாதாரண ரகம், ஐ.எஸ். 710 என்பது நீர் தாங்கும் ரகம்; வீட்டுக்குள் மாட்டும் பொருளுக்கு முதலாவதே போதும். வாங்குமுன் பலகையின் விளிம்பைப் பார்க்க வேண்டும். அடுக்குகளுக்கு நடுவே ஓட்டை தெரிந்தால் ஜாலியின் மெல்லிய கம்பி அந்த இடத்தில்தான் ஒடியும்.

நாட்டு மரங்களில் பழகுகிறவருக்கு நல்லது குமிழ்: வெளிர்நிறம், மென்மை, சீரான இழை. சன்னப்பட்டணத்துப் பொம்மைகளுக்கு ஆகும் வெட்பாலையும் அப்படியே, கிடைத்தால். பலா கடலூர் மாவட்டத்துக்கே உரியது. 2011 டிசம்பர் 30 அன்று கரையேறிய தானே புயலில் பண்ருட்டிப் பக்கம் எத்தனையோ பலா வேரோடு சாய்ந்தன. இன்றும் அப்பகுதி மரக்கடைகளில் பலாத் துண்டு கேட்டால் கிடைக்கும். புதிதாக அறுத்த பலா மஞ்சளாக இருந்து, வெளிச்சம் பட்டுப் பட்டு நல்ல பழுப்பாக மாறும். பூவரசு அழகு, ஆனால் கெட்டி; அடுத்த ஆண்டுக்கு வைத்துக்கொள்ளலாம். தேக்கில் இயல்பாகவே மணல்சத்து உண்டு, பிளேடை விரைவில் மழுக்கும். வேம்பின் தூசி தொண்டையைக் கசக்க வைக்கும்.

புதுக்கதவு செய்யும் பட்டறைகளில் கழிவுத் துண்டுகள் மூட்டையாகக் குவிந்து கிடக்கும். ஆசாரியிடம் கேட்டால் அடுப்புக்குப் போகிற விலைக்கே தருவார். பழைய கதவு, சட்டங்களில் ஆணி ஒளிந்திருக்கும். காந்தத்தை வைத்துத் தேடிவிட்டு அறுக்க வேண்டும். கப்பலில் வந்த கள்ளிப்பெட்டிப் பலகையில் எச்.டி. என்ற முத்திரை இருந்தால் அது வெப்பத்தால் பதப்படுத்தியது, பயன்படுத்தலாம். எம்.பி. என்றிருந்தால் மெத்தில் புரோமைடு வாயு பட்டது. அதை ஒதுக்கிவிடுவதே நல்லது.

ஐப்பசி, கார்த்திகை மழையில் மரம் ஊறும், பங்குனி வெயிலில் சுருங்கும். வாங்கிய பலகையை உடனே அறுக்காமல், வேலை செய்யும் அறையிலேயே சாய்த்து வைத்து, வாரம் ஒருமுறை சமையலறைத் தராசில் எடைபோட்டுப் பார்க்கலாம். எடை இறங்குவது நின்றால் மரம் தயார்.

கண், முதுகு, நுரையீரல்

இருபது வயதுக்காரர் நின்றுகொண்டே அறுக்கலாம். ஓய்வுபெற்றவருக்கு உயரமான ஸ்டூல் வேண்டும். பலகை இருக்கும் மட்டத்தில் முழங்கை செங்கோணமாக மடங்க வேண்டும். படிப்பதற்கும் தொலைவுக்கும் சேர்ந்த இரட்டைக் கண்ணாடி இங்கே தொல்லை தரும். கீழ்க்கண்ணாடி வழியே பார்க்கத் தலையைப் பின்னே சாய்த்துச் சாய்த்துக் கழுத்து பிடித்துக்கொள்ளும். கண் மருத்துவரிடம் சொல்லி, 40 முதல் 45 செ.மீ. தூரத்துக்கென்று தனியாக ஒரு கண்ணாடி போட்டுக்கொண்டால் வேலையின் தரமே மாறும். விளக்கு ஒரே பக்கம் இருந்தால் பிளேடின் நிழல் கோட்டின் மேல் விழும், இருபக்கமும் வேண்டும்.

அரைமணிக்கு ஒருமுறை எழுந்து நடக்க வேண்டும். விரல் மரத்துப்போனால் அன்றைக்குப் போதும் என்று பொருள்.

தூசியை அலட்சியப்படுத்தக் கூடாது. மரத்தூசியை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை வைத்திருக்கிறது. ஸ்க்ரோல் சாவின் தூசி மாவைப் போல நுண்ணியது. என்95 முகக்கவசம் போட்டுக்கொண்டு, காற்றோட்டமுள்ள திண்ணையிலோ கொல்லைப்புறத் தாழ்வாரத்திலோ வேலை செய்வது நல்லது. வேலை முடிந்ததும் துடைப்பத்தால் பெருக்கினால் தூசி மறுபடி எழும். ஈரத்துணியால் துடைக்க வேண்டும்.

கைலியோடு அறுப்பதில் பெரிய ஆபத்து இல்லை. துளைபோடும் டிரில்லுக்கு அருகே மட்டும் தொங்கும் துணியும் மேல்துண்டும் கூடாது. ரத்தம் உறையாதிருக்க மாத்திரை எடுப்பவரும் சர்க்கரைநோய் உள்ளவரும் சிறு வெட்டையும் பெரிதாக எண்ண வேண்டும். விரலை எப்போதும் பிளேடின் பக்கவாட்டில் வைக்க வேண்டும், பிளேடின் எதிரே வைக்கக் கூடாது. தையல் மெஷினுக்கு இருப்பதுபோலக் காலால் மிதிக்கும் சுவிட்ச் இருந்தால், இரு கையையும் பலகையிலிருந்து எடுக்காமலேயே நிறுத்திவிடலாம்.

முதல் வேலை: வெற்றிலை

கொடிக்கால் ஊரான லால்பேட்டையில் முதல் பாடத்துக்கு வெற்றிலையைவிட நல்ல வடிவம் தேட வேண்டியதில்லை. நீண்ட வளைவு இரண்டு, வெளிநோக்கிய கூர்முனை ஒன்று, காம்படியில் உள்நோக்கிய மூலை ஒன்று. ஸ்க்ரோல் சாவில் பழக வேண்டியவை எல்லாம் இந்த ஓர் இலையில் இருக்கின்றன.

உண்மையான இலையையே தாளில் வைத்து விளிம்பை வரைந்துகொள்ளலாம். பலகையின் மேல் அகலமான பேக்கிங் டேப்பை ஒட்டி, அதன்மேல் வரைபடத்தைப் பசைக்குச்சியால் ஒட்ட வேண்டும். டேப் இரண்டு வேலை செய்யும்: வழவழப்பால் மரம் கருகாமல் காக்கும், முடிந்ததும் தாளோடு சேர்ந்து உரிந்துவரும்.

அறுப்பைக் கோட்டின் வெளிப்புறத்திலிருந்து தொடங்கி, வளைவு மென்மையாக இருக்கும் இடத்தில் கோட்டைத் தொட வேண்டும். கூர்முனையில் திரும்ப முயலக் கூடாது; கோட்டைத் தாண்டிக் கழிவுப் பகுதிக்குள் போய், அங்கே ஒரு வட்டம் அடித்து மறுபக்கக் கோட்டைப் பிடிக்க வேண்டும். முனை ஊசிபோல வரும். காம்படி மூலையில் அந்த வசதி இல்லை. ஒரு பக்கமாக மூலைவரை அறுத்து, வந்த வழியே பின்வாங்கி, மறுபக்கத்திலிருந்து வந்து சேர வேண்டும். மெல்லிய பிளேடானால், மூலையில் தள்ளுவதை அறவே நிறுத்தி, இயந்திரம் ஓட ஓடப் பலகையை மட்டும் நின்ற இடத்தில் சுழற்றலாம்.

கோடு விலகினால் சட்டென்று திரும்பிப் பிடிக்கக் கூடாது. அந்த முறிவு கண்ணில் குத்தும். மெல்ல மெல்ல வந்து சேர்ந்தால் யாருக்கும் தெரியாது. பார்ப்பவர் கையில் வரைபடம் இல்லை.

12 மி.மீ. மரத்தில் நான்கைந்து இலை அறுத்தபின், இலைநரம்புகளை உள்வெட்டாக எடுத்துப் பார்க்கலாம். அடுத்தது பேரப்பிள்ளைகளுக்கான புதிர்ப்பலகை. மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைக்கு வாயில் போகும் அளவுத் துண்டுகள் ஆகாது, 19 மி.மீ. மரத்தில் பெரிய துண்டுகளாக அறுக்க வேண்டும். மெல்லிய பிளைவுட் என்றால் இரண்டு மூன்று தாள்களை ஓரத்தில் டேப் சுற்றி அடுக்கி ஒரே வெட்டில் அறுக்கலாம். பேரப்பிள்ளைகள் இருவர் உள்ள வீட்டில் ஒன்று மட்டும் அறுத்துக் கொடுப்பது வம்பு.

எழுத்தும் கோலமும்

பெயர்ப்பலகையில்தான் எல்லாரும் விரைவில் இறங்குவார்கள், தமிழ் எழுத்து அங்கே சோதிக்கும். லால்பேட்டை என்ற பெயரைத் தனித்தனி எழுத்தாக அறுத்தால் எத்தனை துண்டு விழும்? ல, கால், ல, புள்ளி, இரட்டைக்கொம்பு, ப, ட, புள்ளி, ஐகாரக் கொம்பு, ட: பத்து. இரண்டு புள்ளிகளும் மரத்தூளோடு போய்விடும். பலகையிலிருந்து எழுத்தை வெட்டியெடுத்து வெற்றிடமாக விட நினைத்தால் வேறு சிக்கல்: ல, கொம்பு முதலியவற்றின் சுழிக்குள் இருக்கும் மரம் பிடிப்பில்லாமல் விழும்.

வழி இரண்டு. எழுத்துகளை அறுத்து, வேறு நிறப் பலகையின் மேல் ஃபெவிகாலால் ஒட்டிவிடலாம். புள்ளிக்கு டிரில்லில் எடுத்த மரமுளையே போதும். ஒரே துண்டாக வேண்டுமானால் எழுத்துகளுக்கு அடியில் ஒரு பட்டையை ஓடவிட்டு எல்லாவற்றின் பாதத்தையும் அதில் சேர்த்து, புள்ளியை எழுத்தின் தலையோடு ஒட்டியே வரைய வேண்டும். ப, ட, ய மூன்றும் சுழியில்லாதவை, பழக எளியவை.

அரபு எழுத்து ஒன்றோடொன்று கோத்து வருவதால் அறுக்க இன்னும் இசைவானது; அங்கும் நுக்தாப் புள்ளிகள் தனியே நிற்கும், அவற்றுக்கும் பாலம் வேண்டும். 1862 முதல் ஜாமிஆ மன்பவுல் அன்வார் அரபிக் கல்லூரி இயங்கிவரும் ஊரில் வடிவத்தைச் சரிபார்த்துத் தர ஆளுக்குப் பஞ்சமில்லை. புள்ளி ஒன்று இடம் மாறினால் சொல்லே மாறிவிடும் என்பதால் அறுக்குமுன் காட்டிவிட வேண்டும். இறைவசனத்தைப் பயிற்சிக்கு எடுக்காமல், கை பழகியபின் எடுப்பதே முறை. கழிவுத் துண்டுகள் காலில் மிதிபடும் அல்லவா? குர்ஆனை வைத்து ஓதுவதற்கான ரேஹல் பலகையின் முகப்பு ஜாலி இரண்டாம் ஆண்டுக்கு உகந்த வேலை.

சிக்குக் கோலம் இவற்றுக்கு நேரெதிர். கோடு புள்ளிகளைச் சுற்றிச் சுற்றி ஓடித் தன்னையே வந்து சேருவதால் எதுவும் தனித்து விழாது. கோட்டை 4 மி.மீ. அகலப் பட்டையாக வரைந்து, கோடுகளுக்கு இடைப்பட்ட கண்களை மட்டும் அறுத்தெடுத்தால் கோலம் ஜாலியாகிவிடும். எல்லாக் கண்களிலும் முதலிலேயே துளை போட்டுக்கொள்ள வேண்டும். நடுவிலிருந்து வெளியே நகர்ந்து அறுத்து, வெளிச்சுற்றைக் கடைசியில் எடுக்க வேண்டும். மாற்றிச் செய்தால் பலகை பாதியிலேயே பலமிழந்து நடுங்கும். இதற்குப் பிளைவுட்தான் சரி. முழுமரத்தில் இழைக்குக் குறுக்கே ஓடும் மெல்லிய கம்பி கைபட்டாலே ஒடியும்.

பாலிஷும் விற்பனையும்

உப்புத்தாளில் 120, 180, 240 என்று படிப்படியாகத் தேய்த்தால் போதும். ஷெல்லாக் பாலிஷ் விரைவில் காயும், மழைநாளில் அடித்தால் வெண்மை படரும். வெயில் நாளுக்குக் காத்திருக்க வேண்டும். ஆளிவிதை எண்ணெய் பூசிய துணியைச் சுருட்டிப் போட்டால் தானே தீப்பற்றக்கூடும். விரித்து உலர்த்தியபின்தான் எறிய வேண்டும். தேங்காய் எண்ணெய் மரத்தில் காயவே காயாது, நாளடைவில் சிக்கு வாடை அடிக்கும்.

நண்பர்கள் பார்த்ததும் விலை கேட்பார்கள். கணினி வழியில் இயங்கும் லேசரும் சி.என்.சி.யும், கையால் ஒரு முழுநாள் அறுக்கும் ஜாலியைச் சில நிமிடங்களில் வெட்டித் தள்ளும். விலையில் அவற்றோடு போட்டியிட முடியாது. நிக்காஹ், கிரகப்பிரவேசப் பரிசாக ஒன்றிரண்டு செய்து கொடுத்து, மரத்துக்கும் பிளேடுக்கும் ஆன செலவை வாங்கிக்கொள்ளலாம். ஓய்வூதியத்துக்கு மேல் வருமானம் வேண்டுமென்று நினைப்பவர் இந்த இயந்திரத்தை வாங்க வேண்டியதில்லை.